சிறு லொறி எஞ்சின் மிகையாகச் சூடேறுதல்: காரணத்தைக் கண்டறிதலும் வளியை நீக்குதலும்

விளைந்த மரக்கறியைக் கெடாமற் சந்தைக்குக் கொண்டுசேர்த்தல், அதனைப் பயிரிடுதலைப் போன்றே முக்கியமானதாகும். இக்காலத்திற் கமக்காரர் பலர் தமக்கெனச் சிறு லொறியொன்றை வைத்திருக்கின்றனர். வேறு சிலர் பலராகச் சேர்ந்து ஒன்றை வாடகைக்கு அமர்த்துகின்றனர். வெலிமடையிலிருந்து ஹக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போதோ, கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைக்கு நண்பகல் வெயிலிற் செல்லும்போதோ எஞ்சின் கொதித்து நின்றுவிடின், ஏற்றிய போஞ்சியும் கோவாவும் தக்காளியும் வழியிலேயே வாடிவிடும். சந்தை கூடும் நேரமும் தவறிவிடும். எஞ்சினுக்குப் பெரும் பழுது ஏற்படின், அதைத் திருத்தும் செலவு ஒரு போகத்து வருமானத்தையே விழுங்கிவிடக்கூடும்.

எஞ்சின் கொதித்தவுடன் அண்மையிலுள்ள கிணற்றிலோ வாய்க்காலிலோ நீர் மொண்டு ஊற்றிக்கொண்டு மேலே செல்வது பலருடைய வழக்கம். இது நோய்க்கு மருந்தன்று. குளிராக்கும் நீர் தானாகக் குறைவதில்லை. அது குறைந்திருப்பின், வெளியேறிய வழியொன்று இருத்தல் வேண்டும். நீர் வெளியேறிய இடத்தில் வளி புகுந்திருத்தலும் வேண்டும். நீர் போன வழியை அடைத்து, புகுந்த வளியை முற்றாக நீக்கினாலன்றி எஞ்சின் மீண்டும் கொதிப்பது உறுதி.

1. எஞ்சின் குளிராக்கப்படும் முறை

எரிபொருள் எரிவதாற் கிடைக்கும் வெப்பத்தின் ஒரு பகுதியே சில்லுகளைச் சுழற்றப் பயன்படுகின்றது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புகையுடன் வெளிச்செல்ல, அதனையொத்த மற்றொரு பங்கைக் குளிராக்கும் நீர் கொண்டுசெல்லல் வேண்டும். இந்நீர் உருளைகளைச் சூழவுள்ள வழிகளிற் சூடேறி, மேல் இறப்பர்க் குழாய் வழியாக றேடியேற்றரை அடைகின்றது. அங்கே மெல்லிய குழாய்களினூடாக இறங்கும்போது விசிறி இழுக்கும் காற்றினால் வெப்பம் நீங்குகின்றது. குளிர்ந்த நீரை நீர்ப்பம்பியானது கீழ்க் குழாய் வழியாக மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்புகின்றது.

எஞ்சினிலிருந்து நீர் வெளிச்செல்லும் வாயிலில் தேர்மோஸ்ரற்று எனப்படும் சிறு கருவி உண்டு. எஞ்சின் குளிராக இருக்கும்போது அது மூடியிருந்து, எஞ்சின் விரைவிற் சூடேற உதவுகின்றது. நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 82 தொடக்கம் 88 பாகை செல்சியசை அடையும்போது அது திறந்து, நீரை றேடியேற்றருக்குச் செல்லவிடுகின்றது. அது திறக்கும் வெப்பநிலை அதன் மீதே பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம்.

றேடியேற்றரின் மூடியும் வெறும் மூடியன்று. அதிலுள்ள வில்லானது தொகுதியினுள் அமுக்கத்தை நிலைநிறுத்துகின்றது. அமுக்கம் கூடினால் நீரின் கொதிநிலையும் உயரும். கடல்மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரமான நுவரெலியாவில் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். சதுர அங்குலத்துக்கு 13 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கும் நல்ல மூடியொன்று இருப்பின், அங்கும் ஏறத்தாழ 115 பாகைவரை நீர் கொதியாது. மூடியின் இறப்பர் வளையம் வெடித்திருந்தாலும் வில் தளர்ந்திருந்தாலும் இப்பாதுகாப்பு இல்லாமற்போகும். சமவெளியில் ஒழுங்காக ஓடும் லொறி மலைப்பாதையிற் கொதிப்பதற்குப் பழைய மூடியொன்றே காரணமாயிருத்தல் கூடும்.

2. உழவு இயந்திரத்துக்கும் லொறிக்கும் உள்ள வேறுபாடு

நெற்செய்கையாளர் பலருக்கு இருசில்லு உழவு இயந்திரம் நன்கு பழக்கமானது. அவற்றுட் சிலவற்றின் எஞ்சின் மீது திறந்த நீர்த்தொட்டி ஒன்றுண்டு. அதிலுள்ள நீர் கொதித்து ஆவியாதலே எஞ்சினைக் குளிராக்கும் முறையாகும். ஆவி எழுவது அங்கே இயல்பு. மிதவை இறங்கியவுடன் நீர் ஊற்றுவதும் முறையே.

லொறியின் தொகுதி இதற்கு நேர்மாறானது. அது மூடப்பட்டது, அமுக்கத்தில் இயங்குவது. அதில் ஆவி எழுதல் பழுதின் அடையாளம். உழவு இயந்திரத்திற் பழகிய கையால் லொறியின் சூடான மூடியைத் திறப்போர் கடுமையான தீக்காயத்துக்கு உள்ளாவர். 100 பாகைக்கு மேற்பட்ட நீர் அமுக்கத்தினாலேயே கொதியாது அடங்கியிருக்கின்றது. மூடியைத் திறந்த கணத்தில் அமுக்கம் நீங்க, அந்நீர் ஒருங்கே கொதித்து முகத்திலும் மார்பிலும் பீறிட்டு அடிக்கும்.

3. வழியிற் கொதித்தாற் செய்யவேண்டியவை

(அ) வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் உடனே பாதுகாப்பான ஓரத்தில் லொறியை நிறுத்துக. "அடுத்த சந்திவரை போய்விடலாம்" என எண்ணுதல் கூடாது.

(ஆ) ஆவியோ நீரோ வெளிவராதிருப்பின், எஞ்சினை ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிடலாம். முள் இறங்காவிடினும், ஆவி வெளிவரினும் எஞ்சினை உடனே நிறுத்துதல் வேண்டும்.

(இ) முள் உயர்ந்திருந்து திடீரெனக் கீழே விழுந்தால், எஞ்சின் குளிர்ந்துவிட்டதென மகிழற்க. வெப்பத்தை அளக்கும் முனையைச் சூழ நீர் இல்லாதுபோயிருத்தல் கூடும். இதுவே மிக ஆபத்தான நிலையாகும்.

(ஈ) மேல் இறப்பர்க் குழாயைக் கையாற் பொறுத்துப் பிடிக்கத்தக்க அளவுக்குச் சூடு தணியும்வரை மூடியைத் தொடலாகாது. இதற்கு அரை மணித்தியாலத்துக்கு மேற் செல்லும். பின்னர் தடித்த ஈரச்சாக்கை மூடியின்மேல் இட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, முதற்படிவரை மாத்திரம் திருப்பி அமுக்கத்தை வெளியேவிட்டு, அதன்பின் முற்றாகத் திறக்குக.

(உ) சூடான எஞ்சினிற் குளிர்நீரை ஒரேயடியாக ஊற்றினால் இரும்பு வெடிக்கும். எஞ்சின் தலை வளையும். எஞ்சின் நன்கு ஆறியபின் நீரைச் சிறிது சிறிதாக விடுதல் வேண்டும். எஞ்சினின் வெளிப்புறத்திலும் நீர் ஊற்றலாகாது.

(ஊ) மின்சாரத்தால் இயங்கும் விசிறியுள்ள லொறிகளில், எஞ்சின் நின்றபின்னரும் விசிறி தானாகச் சுழலத் தொடங்கும். கையை அதனருகே கொண்டுசெல்லற்க.

4. காரணத்தைக் கண்டறிதல்

எஞ்சின் எப்பொழுது சூடேறுகின்றது என்பதைக் கவனித்தாலே காரணத்தின் பாதியைக் கண்டுகொள்ளலாம்.

மெதுவாகச் செல்லும்போதும் நிற்கும்போதும் சூடேறி, வேகமாக ஓடும்போது தணியுமாயின், குறை பெரும்பாலும் விசிறியிலாகும். விசிறிப் பட்டி தளர்ந்துள்ளதா, வெடித்துள்ளதா, எண்ணெய் பட்டு வழுக்குகின்றதா எனப் பார்க்க. இரு கப்பிகளுக்கும் நடுவே பெருவிரலால் அழுத்தும்போது பட்டி ஏறத்தாழ அரை அங்குலம் வளைந்து கொடுத்தல் போதும். மின்விசிறியாயின், சூடேறியதும் அது சுழலத் தொடங்குகின்றதா எனக் கவனிக்க.

பாரத்துடன் ஏறும்போதும் வேகமாக ஓடும்போதும் சூடேறுமாயின், றேடியேற்றர் அடைபட்டிருத்தல் கூடும். அதன் முன்புறத்தில் வைக்கோற்றுகள், பதர், பூச்சிகள், மண் என்பன படிந்து காற்றைத் தடுக்கும். சூடு மிக்கவையும் களத்துப் பதர் பறப்பதுமான காலங்களில் இதனைக் கிழமைக்கொருமுறை பார்த்தல் நன்று. எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய தாரையாக நீரைப் பாய்ச்சிக் கழுவுக. வலிய தாரை மெல்லிய தகடுகளை மடித்துவிடும். கீழ் இறப்பர்க் குழாய் நைந்து மென்மையாகியிருப்பின், பம்பி விரைந்து இழுக்கும்போது அது ஒட்டிக்கொண்டு நீரை மறிக்கும். எஞ்சினை வேகமாக ஓடவிட்டு, எட்டி நின்று பார்த்தால் இது தெரியும்.

புறப்பட்டுச் சில நிமிடங்களிலேயே சூடேறி, மேற் குழாய் சூடாயிருக்கக் கீழ்க் குழாயும் றேடியேற்றரின் அடியும் குளிர்ந்திருப்பின், தேர்மோஸ்ரற்று திறவாது சிக்கியிருத்தல் கூடும். அதனைக் கழற்றி, நீருள்ள பாத்திரமொன்றில் நூலால் தொங்கவிட்டுச் சூடேற்றுக. பொறிக்கப்பட்ட வெப்பநிலை அளவில் அது திறவாவிடின் புதியதை இடுதல் வேண்டும். சிலர் அதனைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுமனே ஓட்டுவர். இது தவறு. எஞ்சின் தக்க சூட்டை அடையாது எரிபொருளை வீணாக்கும். உருளைகள் விரைவில் தேயும். சில வகை எஞ்சின்களில், நீர் றேடியேற்றருக்குச் செல்லாது குறுக்கு வழியாக எஞ்சினுக்கே திரும்புவதால், கொதித்தல் முன்னிலும் மிகும்.

முள் ஏறுவதும் இறங்குவதுமாக ஆடுமாயின், தொகுதியில் வளி புகுந்துள்ளதெனக் கொள்ளலாம். இதனைப் பின்னர் விரிவாகக் காண்க.

நீர் ஒழுகும் இடத்தைக் கண்டறிவதற்கு, இரவில் லொறியின் அடியிற் பழைய பத்திரிகைத் தாள்களை விரித்துவைத்துக் காலையிற் பார்க்க. நீர்ப்பம்பியின் அடியிலுள்ள சிறு துவாரத்தில் நீர் கசிந்தால், பம்பியின் உள்ளடைப்புத் தேய்ந்துவிட்டதென்பது பொருள். அத்துவாரத்தை மூடிவிடுதல் பயனற்றது. பம்பியையே மாற்றுதல் வேண்டும். குழாய் இணைப்புகளில் வெள்ளையாகவோ துருநிறமாகவோ காணப்படும் கறையும் கசிவின் அடையாளமே.

குளிராக்கும் தொகுதியிற் குறையொன்றும் இல்லாதபோதும், அளவுக்கு மிஞ்சிய பாரமும், சில்லை விடாது பற்றிக்கொண்டிருக்கும் தடுப்பும், உயர் கியரிலேயே திணறி ஏறுதலும் எஞ்சினைச் சூடேற்றும். ஏற்றத்தில் வேளைக்கே கியரைக் குறைத்தல் நன்று. எஞ்சின் வேகமாகச் சுழலும்போது பம்பியும், பட்டியால் இயங்கும் விசிறியும் வேகமாக இயங்குமாதலால் குளிர்ச்சி கூடும்.

5. விடத்தக்க நீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணக்கற் பாறையினூடாக ஊறி வருவது, ஆதலாற் கடினமானது. கரையோரங்களில் அது உவராயும் இருக்கும். வரண்ட வலயத்தின் பல பகுதிகளிலும் நிலத்தடி நீர் கடினமானதே. கேத்திலின் அடியிற் படியும் வெண்ணிறச் சுண்ணாம்பே எஞ்சினின் நீர்வழிகளிலும் படிகின்றது. அப்படிவு வெப்பத்தை எளிதிற் கடத்தாது. உவர்நீரோ இரும்பையும் அலுமினியத்தையும் அரித்துவிடும். வாய்க்கால் நீரிலுள்ள சேறு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களை அடைக்கும்.

வடித்த நீருடன், கடைகளில் ‘கூலன்ற்’ எனப்படும் குளிராக்கும் திரவத்தைத் தயாரிப்பாளர் குறித்த அளவிற் கலந்து விடுதலே சிறந்தது. உறைபனியிலிருந்து காத்தல் நம் நாட்டில் அதன் முதன்மையான பயனன்று. அது துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதுமே நமக்கு வேண்டியவை. கலந்தே விற்கப்படும் திரவமாயின் மேலும் நீர் கலத்தலாகாது. இருவேறு வகைத் திரவங்களையும் ஒன்றாகக் கலத்தலாகாது. அவசரத்துக்குக் கிணற்றுநீர் விட நேர்ந்தால், ஊர் திரும்பியதும் அதனை வடித்துவிட்டு நல்ல திரவம் இடுக.

குளிராக்கும் திரவம் பெரும்பாலும் நஞ்சாகும். இனிப்புச் சுவையுடையதாதலால் நாயும் கால்நடையும் குழந்தைகளும் அதனை அருந்தக்கூடும். வடித்த திரவத்தை முற்றத்திலோ வாய்க்காலிலோ ஊற்றற்க. மூடியுள்ள கலத்திற் சேர்த்துப் பாதுகாப்பாக அகற்றுக.

6. வளியினால் விளையும் தீமை

நீர் கசிந்து குறையும்போதும், குழாயையோ பம்பியையோ மாற்றியபின் விரைவாக நீர் நிரப்பும்போதும் தொகுதியில் வளி தங்கிவிடுகின்றது. வளி எப்பொழுதும் உயரமான இடத்தையே நாடும். ஆசனத்தின் கீழ் எஞ்சினும் முன்புறத்தில் றேடியேற்றரும் அமைந்த சிறு லொறிகளில், இரண்டையும் இணைக்கும் குழாய்கள் நீளமானவை, வளைவுகளும் உடையவை. ஆகவே அவற்றில் வளி தங்குதல் எளிது. றேடியேற்றர் நிறைந்து காணப்படும். எஞ்சின் தலையிலோ வளி நிற்கும். வளியால் நீரைப்போல் வெப்பத்தைக் கொண்டுசெல்ல இயலாது. பம்பிக்குள் வளி புகுந்தால் நீரோட்டமே நின்றுவிடும். தேர்மோஸ்ரற்றைச் சூழ வளி நின்றால் அது உரிய வேளையில் திறவாது.

வளி தங்கியுள்ளதா என்பதை அறிய எளிய வழியொன்றுண்டு. வடித்த நீரையும் விட்ட நீரையும் அளந்து பார்க்க. கையேட்டின்படி தொகுதி 6 லீற்றர் கொள்ளுமாயின், முற்றாக வடித்தபின் நாலரை லீற்றருடனேயே றேடியேற்றர் நிறைந்துவிட்டால், மீதி ஒன்றரை லீற்றருக்குரிய இடத்தில் வளியோ, வடியாது தங்கிய பழைய நீரோ இருக்கின்றது. அதனை ஆராயாது லொறியை ஓட்டற்க.

7. வளியை நீக்கும் முறை

இவ்வேலையை எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கும் காலைவேளையிலேயே தொடங்குதல் வேண்டும்.

(1) நீர் விடும் வாய் தொகுதியிலேயே உயரமான இடமாக அமையும்படி லொறியை நிறுத்துக. முன்புறத்தில் அவ்வாயுள்ள லொறியாயின், முன்சில்லுகள் சற்று உயர்ந்திருக்கும் சரிவில் நிறுத்துதல் நன்று. கைத்தடுப்பை இறுக்கி, சில்லுகளுக்குக் கட்டை வைக்க. கியர் நடுநிலையில் இருத்தல் வேண்டும்.

(2) சாரதியின் அறையைச் சூடாக்கும் அமைப்புள்ள லொறியாயின், அதனை முழுச்சூட்டு நிலையில் வைக்க. அதன் குழாய்களிலும் வளி தங்கும்.

(3) தேர்மோஸ்ரற்றின் உறையிலோ மேற் குழாயிலோ வளி நீக்கும் திருகாணி உண்டா எனக் கையேட்டிற் பார்த்து, அதனைத் தளர்த்துக. சில லொறிகளில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கும்.

(4) திரவத்தை மெல்லிய தாரையாக விடுக. விரைந்து ஊற்றினால் வளி வெளியேற வழியின்றி உள்ளே சிறைப்படும். திருகாணியில் முதலில் வளியும், பின்னர் நுரையும், ஈற்றிற் குமிழியற்ற திரவமும் வரும். குமிழியற்று ஒழுகத் தொடங்கியதும் தாழ்ந்த இடத்திலுள்ள திருகாணியை முதலிலும் உயர்ந்ததைப் பின்னரும் மூடுக. மிகையாக இறுக்கினால் அது முறிந்துவிடும்.

(5) மேற் குழாயையும் கீழ்க் குழாயையும் கையாற் பலமுறை அழுத்தி விடுக. குமிழிகள் எழுந்து, திரவமட்டம் இறங்கும். இறங்கிய அளவுக்கு மீண்டும் விடுக.

(6) மூடியை இடாது எஞ்சினை இயக்கி மெதுவாக ஓடவிடுக. குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது மாத்திரமே மூடியைத் திறந்து வைக்கலாம். வாயின்மேற் குனிந்து பார்த்தலாகாது. வெப்பமானியை ஒருவர் தொடர்ந்து கவனித்தல் வேண்டும்.

(7) பத்து நிமிடம் தொடக்கம் இருபது நிமிடத்துக்குள் தேர்மோஸ்ரற்று திறக்கும். அப்போது கீழ்க் குழாயும் சூடேறும், திரவமட்டம் திடீரெனத் தாழும், பெருங்குமிழிகள் எழும். மட்டத்தை மீண்டும் நிரப்புக. எஞ்சினின் வேகத்தைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் சில தடவை ஓடவிட்டால் எஞ்சிய குமிழிகளும் வெளியேறும்.

(8) குமிழிகள் நின்றதும் மட்டத்தைச் சரிசெய்து மூடியை இறுக இடுக. மேலதிக நீர்க்கலத்தில் மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே திரவம் நிற்றல் வேண்டும்.

(9) பாரமின்றிச் சிறிது தூரம் ஓட்டி, எஞ்சினை முற்றாக ஆறவிட்டு, மறுநாட் காலை மட்டத்தைப் பார்க்க. சிறிது குறைந்திருத்தல் இயல்பு; அதனை நிரப்புக. மூன்று நான்கு நாட்கள் தொடர்ந்து பார்த்தபின்னரே பாரத்துடன் நீண்ட பயணத்துக்குப் புறப்படுதல் வேண்டும்.

கையேட்டில் வேறு முறை கூறப்பட்டிருப்பின் அம்முறையையே பின்பற்றுக. வளி நீக்கும் திருகாணி இல்லாத லொறிகளுக்கு, (3), (4) ஆகியவற்றிற் கூறிய திருகாணி வேலை தவிர்ந்த ஏனைய படிகள் பொருந்தும்.

8. குமிழிகள் நில்லாவிடின்

அரை மணித்தியாலம் ஓடியபின்னரும் குமிழிகள் ஓயாது எழுமாயின், அது வெளியிலிருந்து புகுந்த வளியன்று. எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் இடையேயுள்ள ‘காஸ்கெற்று’ என்னும் அடைப்புத் தகடு பழுதுற்று, உருளையிலிருந்து எரிவாயு நீருக்குள் வருகின்றதெனக் கருதல் வேண்டும். குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடன் மேற் குழாய் கல்லைப்போல் இறுகுதல், சூடேறிய பின்னரும் வெண்புகை தொடர்ந்து வருதல், வெளியே ஒழுக்கின்றி நீர் குறைதல், உராய்வுநீக்கி எண்ணெய் பால்கலந்த தேநீரின் நிறமாதல் ஆகியனவும் இதன் அடையாளங்கள்.

இந்நிலையில் லொறியை ஓட்டலாகாது. நீர் கலந்த எண்ணெய் தாங்கிகளை அழித்துவிடும். அடைப்புத் தகட்டை மாற்றுவதுடன், எஞ்சின் தலை வளைந்துள்ளதா என்பதையும் திறமையுள்ள திருத்துநர் ஒருவரைக் கொண்டு சோதிப்பித்தல் வேண்டும். வளைந்த தலையின் மீது புதிய தகட்டை இடுவது வீண்செலவாகும். கசிவை அடைக்கும் தூள்களையும் பசைகளையும் றேடியேற்றருள் இடுவதும் இதனைத் தீர்க்காது. அவை மெல்லிய குழாய்களை அடைத்து மற்றொரு பழுதை உண்டாக்கும்.

9. நினைவிற் கொள்ளவேண்டியவை

• ஒவ்வொரு நாளும் புறப்படுமுன், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீர்மட்டத்தைப் பார்க்க.

• சூடான மூடியைத் திறக்கற்க. சூடான எஞ்சினுக்குக் குளிர்நீர் ஊற்றற்க.

• நீர் குறைந்தால் நிரப்புவதுடன் நில்லாது, குறைந்த காரணத்தைத் தேடுக.

• குழாயோ பம்பியோ மாற்றிய ஒவ்வொரு முறையும் வளியை நீக்குக. விட்ட நீரை அளந்து பார்க்க.

• உவர்நீரும் சேற்றுநீரும் விடற்க.

• அறுவடை தொடங்குமுன் விசிறிப் பட்டி, இறப்பர்க் குழாய்கள், மூடி ஆகிய மூன்றையும் பார்த்து, நைந்தவற்றை மாற்றுக. இவற்றின் விலை, வழியில் வாடிப்போகும் ஒரு சுமை மரக்கறியின் விலையிலும் மிகக் குறைந்ததாகும்.